பச்சைப் பேசினும் அம்பாசமுத்திரத்து வேட்டியும்

மாப்பிள்ளை வீட்டார் வருவது பெண்ணைப் பார்ப்பதற்கு அல்ல, அந்த வீட்டு வாஷ் பேசினைப் பார்ப்பதற்குத்தான் என்று என் இருபத்தெட்டாவது வயதில் மனப்பூர்வமாக நம்பினேன். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த நம்பிக்கை அல்ல. முழுக்க முழுக்கச் சொந்த முயற்சி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. பாளையங்கோட்டையில் வீடு, கையில் தோல் பை, கழுத்தில் டை, டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பதே தொழில். வருடத்துக்கு ஒரு தடவை மீட்டிங் என்று பெங்களூருக்குக் கூப்பிட்டுப் பெரிய ஓட்டலில் தங்கவைப்பார்கள். அந்த வருடம் அந்த ஓட்டல் குளியலறையில்தான் அதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பேசின் என்றால் சுவரில் முறுக்கி மாட்டிய வெள்ளைச் சாமான். இங்கேயோ கறுப்புக் கல் மேடையின் மேல் ஒரு கிண்ணம் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது, யாரோ பாயசம் குடித்துவிட்டு மறந்துபோய் வைத்துவிட்டுப் போன மாதிரி. இரண்டு நாளில் பதினேழு முறை கை கழுவினேன். (மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.)

ஊருக்கு வந்தால், தங்கை கோமதியைப் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வரப்போகிறார்கள் என்று சேதி. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. கோமதி பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அதற்கு முன்னால் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்திருந்தார்கள். இரண்டு வீட்டாருமே கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடுதாசி வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இலை போட்டுச் சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆகவே ஒவ்வொரு தடவையும் மத்தியான நேரத்துக்கு அவர்கள் செருப்பை மாட்டும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. கோமதி மட்டும் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிடுவாள். அந்த இரண்டாவது தடவை ஒரே பேப்பரை அரை மணி நேரம் திருத்தினாள். அதை நான் பார்த்தேன்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதில் தப்பில்லை. என்ன செய்தேன் என்பதில்தான் தப்பு. வந்த இரண்டு கூட்டமும் பின்கட்டுத் தொட்டியில் சொம்பால் தண்ணீர் மொண்டு கை கழுவியதை ஞாபகப்படுத்திப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டுக்குள்ளேயே பேசின் வைத்து ஒரு குளியலறை கட்டப்போவதாக அப்பாவிடம் அறிவித்தேன்.

"ஏல, அவுக பொண்ணு பாக்க வாராகளா, குளிமுறி பாக்க வாராகளா?" என்றார் அப்பா.

"பம்பாய்க்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

அப்பா பேப்பரைத் திருப்பிக்கொண்டார். அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஹாலை ஒட்டியிருந்த சாமான் அறையை நவீன குளியலறை ஆக்கினேன். ரோஸ் நிற டைல்ஸ், கறுப்புக் கல் மேடை. பேசின் மட்டும் பாக்கி.

ஜங்ஷனில் குழாய், டைல்ஸ் விற்கிற கடை அண்ணாச்சியிடம் போய் விளக்கினேன்.

"கல்லுக்கு மேலயா?" என்றார். "கல்லுல ஓட்டை போட்டு உள்ள எறக்குததுல்லா தம்பி முறை. மேல வச்சா எவனும் தூக்கிட்டுப் போயிர மாட்டான்?"

"இது புது மாடல் அண்ணாச்சி."

அவர் எங்கிருந்தோ ஒரு வழவழப்பான படப் புத்தகத்தைத் தேடித் தூசி தட்டி எடுத்தார். அதில் மேடை மேல் உட்காருகிற ஜாதி மூன்றே மூன்று இருந்தது. ஒன்று உருண்டை, நல்ல ஆழம். ஒன்று சதுரம். மூன்றாவது, தாமரை இலை மாதிரி அகலமாக, தட்டையாக, விளிம்பு லேசாக மடிந்து, கடல் பச்சையில். அந்தப் பக்கத்தை விட்டு என் கண் நகரவில்லை.

"இந்த உருண்டைய எடும். கை கழுவுததுக்குக் குழி வேணும்லா" என்றார் அண்ணாச்சி.

"அண்டா மாதிரி இருக்கு அண்ணாச்சி."

"அண்டாவுல என்னவே கொறைய கண்டீரு?"

முப்பது வருடம் கை கழுவும் சாமான் விற்ற மனிதர் சொல்கிறாரே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் பெங்களூரில் பதினேழு முறை கை கழுவியவன். எனக்கு எதற்கு யோசனை? தாமரை இலைதான் வேண்டும் என்றேன். அது கொச்சியிலிருந்து லாரி பார்சலில், வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு நான்கு நாள் முன்னால் வந்து சேர்ந்தது.

கோமதி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "அண்ணே, இது கை கழுவுததுக்கா, தாம்பூலம் மாத்துததுக்கா?"

"ஒனக்கு ரசனை கெடையாது."

"சரி. கொழாய எங்கன வைக்கப் போற?"

அதுதான் சிக்கல். இந்த வகைப் பேசினுக்கென்று கழுத்து நீண்ட குழாய் உண்டாம். திருநெல்வேலியில் அப்போது அது கிடைக்கவில்லை. சாதாரணக் குழாயின் மூக்கு பேசின் விளிம்பைத் தாண்டவில்லை. பிளம்பர் இசக்கி தலையைச் சொறிந்துவிட்டு, சுவரிலேயே ஒன்றரை அடி உயரத்தில் குழாயை வைத்துவிடலாம் என்றான். "மேல இருந்து விழும்லா சார், பாக்கதுக்குக் குத்தாலம் மாதிரி இருக்கும்."

(இசக்கி பொய் சொல்லவில்லை என்பது பின்னால் தெரிந்தது.)

"ஒன்றரை அடிலேருந்து தட்டைல விழுத தண்ணி எங்க போவும்?" என்று கேட்டாள் கோமதி.

"கீழ போவும்."

"கீழயும் போவும்" என்றாள். இன்னொரு காரியமும் சொன்னாள். அடுக்களைக் குழாயில் கட்டியிருக்கிற மாதிரி இதிலும் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடு என்றாள். ஊரில் எல்லா வீட்டுக் குழாயிலும் அப்படி ஒரு துணி தொங்கும்; தூசியும் பிடிக்கும், தண்ணீரும் சிதறாது. நவீன குளியலறையில் கோவணம் கட்டிய குழாயா என்று நான் சீறினேன். என் உயிர் உள்ளவரை அது நடக்காது என்றும் சொன்னதாக ஞாபகம்.

சிமெண்ட் காய இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது என்று இசக்கி உத்தரவு போட்டிருந்ததால், அவர்கள் வருகிற அன்று காலையில்தான் குழாயைத் திறந்து பார்த்தேன். மாடித் தொட்டியில் அடி மட்டத்துத் தண்ணீர்தான் இருந்தது. நூல் மாதிரி இறங்கி, பச்சை இலையில் முத்து முத்தாக உருண்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. அந்தத் திருப்தியோடு போய் மோட்டாரைப் போட்டு, தொட்டி வழிகிற வரை தண்ணீர் ஏற்றினேன்.

பத்து மணிக்கு வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் அப்பா பொதுப்பணித் துறையில் மதகு, கால்வாய் என்று தாமிரபரணியோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பால் வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, அதிகம் பேச்சில்லை. கேசரியும் வடையும் வந்தன. அவர் கேசரியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டார். விரல்களில் நெய். சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்று வாரமாக நான் காத்திருந்த பார்வை அது.

"வாங்க சார், இங்கன இருக்கு" என்று, கோயில் கோபுரத்தைக் காட்டுகிறவன் மாதிரி கையை நீட்டி அழைத்துப் போனேன். கூடவே உள்ளேயும் போனேன். அவர் பேசினைப் பார்த்துவிட்டு, "இதுலயா கழுவணும்?" என்று சந்தேகமாகக் கேட்டார். "ஆமா சார், புது மாடல்" என்று சொல்லி, அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று நானே குழாயைத் திறந்தேன். முழுசாக.

தண்ணீர் இலையில் விழுந்தது. விழுந்த தண்ணீர் அங்கே ஒரு கணம்கூடத் தங்கவில்லை. மடிந்த விளிம்பு அதைப் பிடித்து, குறி பார்த்து, பெரியவரின் வயிற்றிலிருந்து முழங்கால் வரை அடித்தது.

"தம்பி, அடைச்சிரும்" என்றார் நிதானமாக.

திருகினேன்.

"அது தொறக்குத பக்கம்."

இன்னும் கொஞ்சம் திருகினேன். கடைசியில் என் கையை நகர்த்திவிட்டு அவரே அடைத்தார். வேட்டி ஒட்டிக்கொண்டு, பார்க்கக் கூடாத கோலத்தில் நின்றார். ஹாலில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது என் மூளை ஒரே ஒரு உத்தரவு போட்டது. யாரும் பார்க்காவிட்டால் இது நடக்கவே இல்லை. பாய்ந்து போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

"கதவ எதுக்குவே பூட்டுனீரு?"

"யாரும் பாத்துரக் கூடாதுல்லா சார்."

"எத்தன நாளைக்கு?"

அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த புதுத் துண்டை எடுத்து அவர் வேட்டியைத் துடைக்கப் போனேன். "அங்கனயெல்லாம் தொடாதயும்" என்று அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். துண்டால் விசிறினேன். அதிலிருந்து நூல் பறந்து சட்டையில் ஒட்டியது. வெளியே ஹாலில் பேச்சு நின்றுபோய், மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது. "இவுகளுக்குச் சுகர் உண்டு, அடிக்கடி போவாக. ஆனா தொணைக்கு ஆள் கூட்டிட்டுப் போனதில்ல."

முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது கடுதாசியும் வராது. கோமதி இனி எத்தனை பேப்பர் திருத்துவாளோ. இந்தத் தடவை காரணம் நான். சுவரில் சாய்ந்து டைல்ஸை எண்ண ஆரம்பித்தேன்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணே, தொற." கோமதியின் குரல். கூப்பிடும் வரை பெண் ஹாலுக்கே வரக்கூடாது என்பது வழக்கம். இவள் அதைத் தாண்டி வந்து மாப்பிள்ளையின் அப்பா உள்ளே இருக்கிற கதவைத் தட்டுகிறாள்.

"தொறக்காதயும்" என்றார் பெரியவர், வேட்டியைப் பார்த்துக்கொண்டே.

"கதவ ஒரு கை அளவுக்குத் தொற, அப்பா வேட்டி கொண்டாந்திருக்கேன்." இடுக்கு வழியாக வேட்டி வந்தது. தொடர்ந்து கேள்வியும் வந்தது. "முழுசாத் தொறந்தியா?"

"ஆமா."

"சொன்னேம்லா."

பெரியவர் வேட்டியை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே பட்டுப்புடவையில் நின்றவளைப் பார்த்து, "என்னம்மா சொன்ன இவருகிட்ட?" என்று கேட்டார்.

அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லுகிற மாதிரியே சொன்னாள். உயரம், வேகம், தட்டை, விளிம்பு. அவர் குறுக்கே கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் "அப்பம் என்ன செய்யலாம்கிற?" என்றார். அவள் அடுக்களைக்குப் போய் ஒரு முழம் பழைய வேட்டித் துணியோடு வந்து, குழாயின் வாயில் சுற்றி, நுனி இலையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கவிட்டுக் கட்டினாள். பெரியவர் ஓரமாக ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டி, குழாயை முழுசாகத் திறந்தார்.

ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் துணியைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கியது.

"ஏலே, இங்கன வா" என்று மகனைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வந்தார். அவருடைய அம்மா வந்தார். என் அப்பா, அம்மா. ஐந்துக்கு எட்டடி அறையில் ஏழு பேர். பெரியவர் மதகைத் திறந்து காட்டுகிற மாதிரி குழாயைத் திறந்தும் அடைத்தும் காட்டினார். "ஆத்துல வெள்ளம் வந்தப்ப மதகு மேல நின்னவன் நான். அப்பக்கூட நனையல. இன்னைக்கு இந்தத் தம்பி நனைச்சிட்டாரு." மாப்பிள்ளை சிரித்தார். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற கோமதியும் சிரித்தாள். பெண் பார்க்கும் படலம் அங்கேயே முடிந்தது. அவள் தலையைக் குனியவும் இல்லை, காப்பித் தட்டு தூக்கவும் இல்லை.

ஹாலுக்கு வந்து உட்கார்ந்ததும் பெரியவர் என் அம்மாவிடம் கேட்டார். "யம்மா, ஒலை வச்சாச்சா?"

"இல்லையே அண்ணாச்சி" என்றாள் அம்மா தடுமாறி.

"வைங்க. சாப்பிட்டே போறோம்."

அம்மா அப்படியே நின்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். நான் வெண்டைக்காய் வாங்க ஓடினேன். யாரும் வெண்டைக்காய் கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு நான் கதவைப் பூட்டியது மட்டும் முடியவில்லை. இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் நான் கழிப்பறைப் பக்கம் எழுந்தால், கோமதியின் மாப்பிள்ளை சபை நடுவில் உரக்கக் கேட்பார்: "அத்தான், தொணைக்கு யாரும் வரணுமா?" அவருடைய பிள்ளைகளுக்கு இந்தக் கதை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். என் பிள்ளைகள் அதைவிட நன்றாகச் சொல்வார்கள், நடித்தும் காட்டுவார்கள்.

போன வருடம் கோமதியின் மாமியார், பேச்சோடு பேச்சாக, வேறு எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் இருந்தார்களாம். அதே காரில் ஆழ்வார்திருநகரிக்குப் போய், பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பெண்ணைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். அந்த இடம்தான் ஏறக்குறைய முடிவாகியிருந்ததாம். அடுத்தவர் வேட்டியோடு அங்கே போக முடியாது என்று பெரியவர் நின்றுவிட்டாராம்.