சாம்பிள் பாய் ஜெயித்த டெண்டர்

எங்கள் ஊர் நகராட்சியை ஒரு காலத்தில் ஓட்டியது யார் என்று கேட்டால் சேர்மன் தன்னைச் சொல்லுவார், கமிஷனர் தன்னைச் சொல்லுவார். இரண்டும் பொய். ஓட்டியவர் சாம்பிள் பாய். அதுவும் வெகுகாலம் அங்கே ஒரு டெண்டரைக்கூட ஜெயிக்காமல்.

ஊர்ப் பெயர் வேண்டாம். டெல்டாவில் ஓர் ஊர். மன்னார்குடிக்கும் பஸ் உண்டு, முத்துப்பேட்டைக்கும் பஸ் உண்டு, இரண்டும் நேரத்துக்கு வராது. அங்கே டெண்டர் பிரிவில் நான் உதவியாளனாக உட்கார்ந்து தேய்த்த நாற்காலி இன்னும் இருக்கிறது.

பாய்க்குக் கடைத்தெருவில் கடை. தார்ப்பாய், சாக்கு, கயிறு, பூட்டு, ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாம் கிடைக்கும். கடையின் போர்டில் மூன்று வரிக்கு இடம். முதல் வரியில் கடைப் பெயர். இரண்டாவதில் 'மொத்தம் மற்றும் சில்லறை வியாபாரம்'. மூன்றாவது வரி வெறும் வெள்ளை.

"அது ஏன் பாய் காலியா கெடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நகராட்சி ஒப்பந்ததாரர்னு எழுதத்தான் தம்பி. எங்க அத்தா நம்ம ஆபீஸ் வாசல்லதான் சாக்கு வித்தாங்க. எடத்தக் காலி பண்ணு, காலி பண்ணுன்னு வெரட்டிக்கிட்டே இருப்பாங்களாம். அந்த வாசல் வழியா உள்ள போயி நான் ஒரு தடவ சப்ளை பண்ணணும். ஒண்ணே ஒண்ணு போதும். பெயின்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லி வைத்த பெயின்டர் கண் மங்கிப்போய்ப் பிரஷை மகனிடம் கொடுத்துவிட்டார். வரி மட்டும் காலியாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் டெண்டர் என்றால் பெட்டி. மூன்று மணிக்குப் பெட்டி மூடும், உடனே எல்லோர் முன்னிலையிலும் கவரைப் பிரித்து ரேட்டை உரக்கப் படிப்போம். பாய் ஒரு மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சலவைச் சட்டை, அத்தர் வாசனை, அரக்கு முத்திரை வைத்த கவர், நியூஸ் பேப்பரில் சுற்றிய சாம்பிள். எந்த டெண்டராக இருந்தாலும் அவர்தான் இரண்டாவது. துடைப்பத்தில் இரண்டாவது, பூட்டில் இரண்டாவது, தார்ப்பாயில் இரண்டாவது. ரேட்டைப் படித்து முடித்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், மூணாவது இல்லல்ல?" என்பார்.

தோற்றவர்கள் சாம்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம் என்பது விதி. பாய் எடுத்ததே இல்லை.

"பாய், உங்க சாம்பிள்..."

"கெடக்கட்டும் தம்பி. ஆபீஸ்ல என்னைக்காவது தேவைப்படும்."

தேவைப்பட்டது. ஜெயித்தவர் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஒரு மாதத்தில் நின்றது; பாயின் சாம்பிள் மேலே ஏறியது. ஜெயித்தவர் கொடுத்த குடை கமிஷனர் தலைக்கு மேலேயே வௌவால் மாதிரித் திரும்பிக்கொண்டது. மறுநாள் முதல் பாயின் குடை. துடைப்பம், வாளி, ரெக்கார்டு ரூம் பூட்டு என்று, ஆபீஸில் எது உருப்படியாக வேலை செய்தாலும் அது பாய் தோற்ற சாமானாக இருந்தது. டெண்டர் பெட்டிக்குப் போட்டிருந்த பூட்டும் அவருடையதுதான்.

அந்தப் பூட்டுக்கு ஒரு கதை உண்டு. தான் சோதித்துப் பார்க்காத எதையும் பாய் டெண்டரில் வைக்க மாட்டார். பூட்டு டெண்டர் வந்தபோது கடையின் மடக்குக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, சாவியைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார். கையில் ஒரு கடப்பாரை.

"சாயங்காலம் வந்து தெறந்து விடுங்க. அதுக்குள்ள நானே ஒடச்சிட்டா இந்தப் பூட்ட வைக்க மாட்டேன்."

நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்து தஞ்சாவூரில் மீட்டிங் என்று அனுப்பிவிட்டார்கள். சாவி ஞாபகம் வந்தபோது என் கையில் தஞ்சாவூர் காப்பி டம்ளர். விழுந்தடித்துக்கொண்டு திரும்பிவந்தால், கடைத்தெருவே கடை முன்னால் நிற்கிறது. டீக்கடைக்காரர் கம்பி வழியாக டீ ஊட்டிக்கொண்டிருந்தார். கடப்பாரை வளைந்திருந்தது. வேர்வையில் குளித்திருந்த பாய் என்னைப் பார்த்ததும் ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை.

"தம்பி, ஒடையல!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

அந்த டெண்டரிலும் இரண்டாவதுதான்.

நகராட்சிக்குச் சரக்குக் கொடுக்க ஆசைப்பட்டு வருகிற புது ஆட்களுக்கெல்லாம் பாய்தான் வாத்தியார். எதிர் டீக்கடையில் பாடம் நடக்கும். "மொதல்ல ஒப்பந்தப் பதிவு பண்ணுங்க. டெபாசிட் டிராப்ட்ட கடைசி நாள்ல எடுக்காதீங்க, பேங்க்ல பிரின்டர் ஓடாது. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து. சந்தேகம் இருந்தா எழுதிக் கேளுங்க, வாயால கேக்காதீங்க. முக்கியமா, என்ன சாமான் வேணும்னு போட்டிருக்கிற ஷெட்யூல கடைசி வார்த்த வரைக்கும் படிங்க. கொல்றதே அந்தக் கடைசி வார்த்ததான்." இவரிடம் படித்த மகளிர் குழுப் பெண்கள் துடைப்ப டெண்டரில் இவரையே தோற்கடித்தார்கள். பாய் அன்றைக்கு எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "பாய், எல்லாரும் போடுற சரக்கையே நீங்களும் போடுங்களேன். ரேட்டு தானா எறங்கும்" என்றேன்.

"அதப் போட்டுக்கிட்டு மழையில நிக்கப்போறவன் யாரு தம்பி? நீங்களா, நானா?"

அவர் நின்றிருக்கிறார் என்பதுதான் விஷயம். ஐப்பசி மழையில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் அசையாமல் அரை மணி நேரம் நிற்பார். உள்ளே சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதம். அது நனைந்தால் கோட்டு கம்பெனிக்கே திரும்பிப்போகும். பஸ்ஸில் போகிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்கள். பஸ்ஸில் போகாத நாங்களும் பல நாள் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு வருடம் மழைக்கோட்டு டெண்டரிலும் ஜெயித்தது வேறு ஆள். தூய்மைப் பணியாளர்களுக்கு வந்த கோட்டு அப்பளம் மாதிரி இருந்தது. கையைத் தூக்கினால் அக்குளில் கிழிந்தது. வடிகாலில் இறங்குகிறவர்கள் நனைந்துகொண்டே இறங்கினார்கள், காய்ச்சலோடு ஏறினார்கள். அவர்களில் மாரிமுத்து என்று ஒருவர். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஆணியில தொங்குதே பாயோட கோட்டு, அதக் குடுங்க சார்."

கொடுத்தேன். ஒரே கோட்டு. அன்றிலிருந்து யார் வடிகாலில் இறங்குகிறாரோ அவர் உடம்பில் அது இருக்கும். முறை வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். இதைப் பாயிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "ஒண்ணுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டர் டெண்டராகிவிட்டது. பெட்டியை ரெக்கார்டு ரூமில் போட்டோம். பாய் வந்து அது இருந்த இடத்தைப் பார்த்தார்.

"பொட்டி எங்க தம்பி?"

"இனிமே பொட்டி இல்ல பாய். எல்லாம் ஆன்லைன்."

"சாம்பிளு?"

"அடுத்து வர்ற மழைக்கோட்டு டெண்டருக்கு அதுவும் இல்ல."

துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார். ஆனால் விடவில்லை. டிஜிட்டல் கையெழுத்துக் குச்சியை வாங்கிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். புது முறையில் முதலில் வந்தது மழைக்கோட்டு டெண்டர். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, திரையில் மூக்கு படுமளவு குனிந்து, தானே ரேட்டைத் தட்டினார்.

திறந்தோம். பாய் முதலிடம்.

ஆபீஸே கை தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. ரேட்டைப் பார்த்ததுமே ஷெட்யூலைப் புரட்டினேன். நாங்கள் கேட்டிருந்தது 'செட்'. கோட்டும் பேண்டும் சேர்ந்தது. பாய் போட்டிருந்தது கோட்டுக்கு மட்டும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மழை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுகிற ஊர் இது. அவர் கடையில் ஒரு விவசாயியும் மழைப்பேண்ட் கேட்டதில்லை. மழைக்கோட்டு என்றால் அவருக்குக் கோட்டு, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் கடைசி வார்த்தையைப் படிக்கச் சொன்ன மனிதர், தனக்கு வந்தபோது அதைப் படிக்கவில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான வேலைகளில் அது ஒன்று.

"கோட்டு மட்டும் குடுத்தா?" என்றார்.

"வாங்க மாட்டாங்க பாய்."

"பின்வாங்கினா?"

"டெபாசிட் போயிடும். இனிமே கொஞ்ச வருசத்துக்கு டெண்டர்ல கலந்துக்க முடியாது. இருந்தாலும் அதுதான் நல்லது. இத்தன பேண்டுக்கு நீங்க எங்க போவீங்க? கடை தாங்காது."

கயிற்றுச் சுருளைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் பின்வாங்கினா அடுத்தது யாரு?"

சொன்னேன். அப்பளக் கோட்டுக்காரர்.

"தம்பி, நான்தானே மொதல்?"

"நீங்கதான் பாய்."

"அப்பச் சரி. பெயின்டர வரச் சொல்லணும்."

மழைக்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு செட் வந்து சேர்ந்தது. பேண்ட் பாக்கெட்டைக்கூட இரட்டைத் தையல் போட்டிருந்தார். அவருடைய அத்தாவை விரட்டிய வாசல் வழியாகத்தான் வண்டி உள்ளே வந்தது. பாய் அதன் முன்னால் நடந்து வந்தார். 'திருப்திகரமாக வழங்கினார்' என்று அனுபவச் சான்று டைப் செய்து கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக் கடைசி வார்த்தை வரை படித்தார். போர்டில் மூன்றாவது வரி நீலத்தில் ஏறியது.

வரி ஏறியதே தவிர, கடை நிற்கவில்லை. பொங்கல் கழிந்து அது செல்போன் கடையாக மாறியது. போர்டைக் கழற்றி வெளியே சாத்தியிருந்தார்கள்; மேல் இரண்டு வரிகளும் மங்கி, மூன்றாவது மட்டும் பளபளவென்று இருந்தது. சான்றிதழ் இருந்தால்தான் பெரிய டெண்டர் என்பார்கள். பாயிடம் இப்போது சான்றிதழ் இருந்தது, கடை இல்லை. முத்துப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஒரு ஞாயிறும் போகவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவர் மௌத்தான செய்தி வந்தது. கொட்டுகிற மழையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கப்ருஸ்தான் சுவர் ஓரமாக எங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளர்கள் வரிசையாக நின்றார்கள், கோட்டும் பேண்டுமாக. என் குடை வழியிலேயே முறிந்திருந்தது. ஜெயித்தவர் சப்ளை செய்த குடை.

மாரிமுத்து கையிலிருந்த ஒரு பழைய கோட்டை நீட்டினார்.

"போட்டுக்குங்க சார். அந்த மொதக் கோட்டுதான். பாயோட சாம்பிளு."

போட்டுக்கொண்டேன். தலைமூடி புருவம் தாண்டிக் கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு மழையிலும் முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை. அதனால் என் முகம் நனைந்திருந்ததற்கு மழைதான் காரணம் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் போய்விட்டது.