ரீஸ்டார்ட் மாமா கேட்காத கேள்வி

நின்றுபோன எதையும் முதலிலிருந்து ஆரம்பித்தால் ஓடிவிடும் என்று நம்புகிறவர்களில், மும்பையிலேயே, ஏன், உலகத்திலேயே முதல் இடம் எங்கள் ரீஸ்டார்ட் மாமாவுக்குத்தான். மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த பழைய பில்டிங்கில் அவருக்கு மூன்றாவது மாடி. நிஜப் பெயர் கீழே பில்டிங் சொஸைட்டியின் பெயர்ப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

சஹஸ்ரநாமம் சொல்லும்போது காலிங் பெல் அடித்தால் போச்சு, மறுபடி முதல் ஸ்லோகம். கையெழுத்துக்காகப் படியில் காத்திருந்த கூரியர்காரருக்கு அதில் பாதி மனப்பாடம் ஆகிவிட்டதாகப் பேச்சு. சொஸைட்டி மீட்டிங்கில் சண்டை முற்றினால் எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி, "நமஸ்காரம், உள்ளே வரலாமா?" என்று புதிதாக வருவார். யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்பதே செக்ரட்டரிக்கு மறந்துவிடும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை காலை வேளை. காபி டம்ளரோடு மாடிப்படியில் நின்றுகொண்டு, இறங்கி வருகிறவர்களை "எங்கேடா கிளம்பிட்டே?" என்று பில்டிங்கே அதிரக் கேட்பார். கேட்ட கையோடு தலையில் அடித்துக்கொள்வார்.

"ஐயையோ, வெளியே போறவனை எங்கேன்னு கேட்டுட்டேனே! உள்ளே போ. ஒக்காரு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி கிளம்பு."

கேட்காமல்தான் இருங்களேன் என்றால், "என்ன பண்றது, வாயில வந்துடறதுடா" என்பார். எங்கள் பில்டிங்கில் பாதிப் பேர் லோக்கல் ரயிலைத் தவறவிட்டது அவரால். மீதிப் பேர் ஆபீஸில் அவரைச் சாக்குச் சொல்லிப் பிழைத்தவர்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு விஜயதசமி அன்று போய் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது வேலை போயிருந்தது. கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். என் மனைவி உமாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வெட்கம். தினமும் இஸ்திரி போட்ட சட்டை, டிபன் டப்பா, லேப்டாப் பை சகிதம் கிளம்பிப் போய், தாதர் ஸ்டேஷன் பெஞ்சில் தயிர்சாதம் தின்றுவிட்டு, சாயங்காலம் களைத்துத் திரும்புவேன். அந்தக் களைப்பு நடிப்பு இல்லை. இல்லாத ஆபீஸுக்குப் போய்வருவது ரொம்ப அலுப்பான வேலை.

அன்று காலை ஒரு சிங்கப்பூர் கம்பெனி வீடியோவில் இன்டர்வியூ வைத்திருந்தது. அவர்களுக்கு ஏது விஜயதசமி லீவு? சரஸ்வதி பூஜைக்கு வைத்திருந்த லேப்டாப்பை எடுத்து, துடைத்து, கும்பிட்டுத் திறந்தேன். திரையில் அம்புக்குறி ஜோராக ஓடுகிறது. கிளிக் மட்டும் எடுக்கவில்லை. தட்டினேன், குத்தினேன், கெஞ்சினேன். தனி மவுஸ் செருகினேன். அதன் பேச்சையும் கேட்கவில்லை. போனில் சேரலாம் என்றால், லேப்டாப்பில் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

"மாமாவைக் கூப்பிடுங்கோ" என்றாள் உமா.

"அவரா? பில்டிங் பூரா டமாரம் அடிச்சுடுவார்."

"அடிச்சா அடிக்கட்டும். இந்த இன்டர்வியூ போனா திரும்பி வருமா?"

மாமா வந்தார். வாசலிலேயே ஆரம்பம். "என்னடா ரமணி, லேப்டாப் படுத்துடுத்தா? ரீஸ்டார்ட் பண்ணினியோ?"

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமி கதவைத் திறந்தாள். "லீவு நாள்ல என்ன ஆபீஸ் வேலை?"

மாமா திரும்பிப் பார்த்தார். "இவன் இல்லாட்டா இவன் ஆபீஸ் ஓடாது மாமி! லீவுன்னா விட்டுடுவாளா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பாவம், இவரும் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கூசிப்போயிற்று.

மாமா ரீஸ்டார்ட் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, மறுபடி செய்தார். ஊஹூம். கடைசியில் தானே வெளியே போய், கதவைத் தட்டி, "நமஸ்காரம்" என்று உள்ளே வந்தார். லேப்டாப் அதற்கும் மசியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, இது ஆபீஸ் வேலை இல்லை. இன்டர்வியூ. எனக்கு வேலை போயிடுத்து."

அவர் நிமிரக்கூட இல்லை. "சரி, அழாம இந்த டார்ச்சைப் பிடி" என்று குனிந்தவர், மூக்கை உறிஞ்சினார். "சந்தன வாசனை அடிக்கறதே."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. சரஸ்வதி பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய், லிஃப்ட், மோட்டார், மிக்ஸி என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தவர் அவர்தான். என் லேப்டாப்பில், விரல் வைத்துத் தேய்க்கிற அந்தப் பட்டையில், தாராளமாக ஒரு பொட்டு. நான் மேலே துடைத்ததோடு சரி. இடுக்கில் இறங்கியது காய்ந்து இறுகி, பட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டது. ஒரு கிளிக் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வேறு கிளிக் எப்படி எடுக்கும்?

"நான்தான்டா" என்றார். அவருக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். "என் கையாலயே உன் பொழைப்புல சந்தனத்தை அப்பிட்டேன்."

பல்குச்சியால் இருவருமாகச் சுரண்டினோம். டிக் என்று பட்டை மேலே வந்தது.

கடைசி நிமிஷத்தில் இன்டர்வியூவில் நுழைந்தேன். மாமா மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். இரண்டு வாக்கியத்தில் தடுமாறி நின்றேன். உடனே தரையிலிருந்து ஒரு கர்ஜனை:

"மொதல்லேர்ந்து சொல்லுடா!"

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. திரையிலிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். "சரி, முதல்லேர்ந்தே சொல்லுங்க" என்றார், சுத்தமான தமிழில். போக வேண்டிய மானம் எல்லாம் போய்விட்டதால் பிறகு தடுமாற்றமே இல்லை.

முடிந்ததும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெளியில சொல்லிடாதீங்கோ."

"எதை? தாதர் பெஞ்சையா? கறிகாய் வாங்கப் போறச்சே பார்த்தேன். அன்னிலேர்ந்து உன்னை எங்கேன்னு ஒரு தரமாவது கேட்டேனோ?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லைதான். நான் படியிறங்கும்போதெல்லாம் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். என் பொய்யில் மூழ்கியிருந்த எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

வேலை கிடைத்தது. அவர்களுடைய செம்பூர் ஆபீஸில். முதல் நாள் கிளம்பிப் படிக்கு வந்தேன்.

"எங்கேடா கிளம்பிட்டே?" பில்டிங் அதிர்ந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"ஆபீஸுக்கு மாமா!"

"காதுல விழலை!"

"ஆபீஸுக்கு!"

"ஐயையோ, கேட்டுட்டேனே! உள்ளே போ, ஒரு வாய் தண்ணி குடி."

போனேன், உட்கார்ந்தேன், குடித்தேன். முதல் நாளே லேட்.

இப்போது அந்தப் பில்டிங்கை ரீடெவலப்மென்ட் என்று புதிதாகக் கட்ட இடித்தாகிவிட்டது. மாமா சுனாபட்டியில் தன் பெண் வீட்டில் இருக்கிறார். நான் வேறு பக்கம். காலையில் என்னை யாரும் எங்கே என்று கேட்பதில்லை. நேரத்துக்கு ரயிலைப் பிடித்துவிடுகிறேன். ஆனாலும் கிளம்புமுன் ஒரு தரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறேன்.