மாப்பிள்ளைத் தலை

தம்பியின் தலையைக் காணவில்லை.

கொஞ்சம் முன்னால் வரை மேசைமேல்தான் இருந்தது. இப்போது கேமராவுக்குக் கீழே, புதுச் சட்டையோடு வெறும் கழுத்துதான் கிடந்தது.

"ஃபேனைப் போட்டது யாரு?" என்றாள் அக்கா.

"வேர்த்துச்சு," என்றார் அவள் கணவர்.

அட்டையில் வெட்டிய உருவங்களை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்து, நடக்கவும் சிரிக்கவும் வைப்பது அவள் தொழில். பல் ஆஸ்பத்திரிக்குப் போன தம்பி, அங்கே டோக்கன் கொடுத்த பெண்ணிடம் மயங்கிய கதையை மூன்று நிமிடப் படமாக எடுத்துக்கொண்டிருந்தாள். முகங்கள் எல்லாம் போட்டோவிலிருந்து வெட்டியவை. நாளை மாலை பெண் வீட்டார் முன்னால் திரையிட வேண்டும். மறுநாள் கல்யாணம்.

ஜன்னலுக்கு வெளியே, கட்டிலுக்கு அடியில், செருப்புக்குள் எல்லாம் தேடியாயிற்று.

"வேற தலை பிரிண்ட் போட்டுக்கோயேன்."

போட்டாள். மை தீர்ந்த பிரிண்டர் தம்பியை நீலமாகத் துப்பியது.

கணவர் உற்றுப் பார்த்தார். "பாம்பு கடிச்ச மாதிரி இருக்கான்."

ஆல்பத்தில் கணவரின் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. அதே மீசை. அந்தத் தலையை வெட்டிப் பொருத்தி, நூறு படம் எடுத்து ஓட்டிக் காட்டினாள்.

"மச்சினன் கட்டிக்கப்போற பொண்ணு கையை நான் எதுக்குப் பிடிச்சிட்டு நிக்கிறேன்?"

"அது நீங்க இல்ல, தம்பி."

"தம்பி எங்க?"

"காணோம். அதான் நீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதையும் பிய்த்தாள். மிச்சம் இருந்தது டாக்டரின் தலை. ஆஸ்பத்திரி நோட்டீஸிலிருந்து வெட்டியது, மூக்குவரை மாஸ்க்.

"மாஸ்க் போட்டா யாரும் யாராவும் இருக்கலாம்," என்று அதை மாப்பிள்ளைக் கழுத்தில் ஒட்டினாள்.

"அப்ப டாக்டருக்கு?"

"உங்க தலை."

"இப்ப நான் யாருக்குப் பல்லு புடுங்குறேன்?"

அக்கா யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் மாலை திரையில் மாஸ்க் போட்ட மாப்பிள்ளை டோக்கன் வாங்கினார், பூ நீட்டினார், பெண்ணின் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பெண் வீட்டுப் பக்கம் ஒரு இருமல்கூட இல்லை. பாதியிலேயே கல்யாணப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெண்ணின் சித்தி வந்து அவளை மெல்ல ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"டாக்டர் விஷயம் எங்க வீட்லயே மூணு பேருக்குத்தாம்மா தெரியும். உங்களுக்கு யாரு சொன்னது?"