நான் துடைத்த கடிதம்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டுகிற பழக்கம் மட்டும் அங்கிருந்து கூடவே வந்துவிட்டது.

கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். படங்களுக்குச் சட்டம் போடுவேன். பழைய படங்களைக் கணினியில் ஏற்றி, புள்ளியும் கீறலும் துடைப்பேன். (கணினியில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் நான் பெரிய ஆள் என்று நினைப்பு.)

மகள் சுகந்தி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தாள். கடைசி வருட ஆய்வைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது விளக்கினாள்.

"அப்பா, ஒரு படத்தைப் பூட்டிட்டா வெறும் புள்ளிதான் தெரியும். அந்தப் பூட்டைத் திறக்காமலே உள்ளுக்கு ஒரு கடிதத்தை ஒளிச்சு வைக்கலாம். பிறகு சாவி போட்டா கடிதமும் வரும், படமும் பழையபடி வரும். ஒரு புள்ளி குறையாது. விளங்குதா?"

தலையாட்டினேன். (பருப்பில் உப்பில்லை என்பது மட்டும் விளங்கியிருந்தது.)

அந்த ஆய்வைச் செய்துகாட்டும் பரீட்சை நாள் காலையில் கம்பஸிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, பென் டிரைவை மேசையில விட்டுட்டு வந்துட்டேன். லெப்டொப் பழுதானதுல வேற பிரதியும் இல்ல. பத்து மணிக்குள்ள கொண்டு வாங்க. அம்மாவும் கட்டாயம் வரணும்."

திரும்பிப் பார்த்தால் என் மனைவி செல்வமணி கல்யாணச் சேலையில் நிற்கிறாள்.

"பரீட்சை அவளுக்கா உனக்கா?"

"பேசாம நடங்க." முகம் சிவந்திருந்தது.

அவளை பஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டு, லீவு சொல்ல ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி இன்னும் வரவில்லை. காத்திருக்கும் நேரத்தில் பென் டிரைவ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். உள்ளே ஒரே படம். பெயர், 'அப்பா அம்மா கல்யாணம்'. திறந்தேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மூலைக்கு மூலை கறுப்பு வெள்ளைப் புள்ளி.

எங்கள் ஊர் ஈரத்துக்குக் கல்யாணப் படங்களில் பூஞ்சணம் பிடிப்பது சகஜம். ஆனால் இப்படி ஒரு பூஞ்சணத்தை என் தொழிலில் கண்டதில்லை. பிள்ளையின் பரீட்சையாயிற்றே! துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன். மூன்றாம் தரம் புள்ளியெல்லாம் கரைந்து, மலையில் பனி இறங்கிய மாதிரி அழகாக வந்தது. ஆட்கள் தெரியாவிட்டாலும் சுத்தமாக இருந்தது. அதே பெயரில் சேமித்துவிட்டு, முதலாளி வந்ததும் லீவு சொல்லி, செல்வமணியோடு பெருமையாக பஸ் ஏறினேன்.

மூன்று விரிவுரையாளர்கள் முன்னால் சுகந்தி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாவியைத் தட்டினாள். படம் வரவில்லை. அடுத்த சாவிக்குக் கடிதம் வர வேண்டும். கட்டம் கட்டமாக என்னவோ வந்தது. அவள் காது சிவந்தது.

"அப்பா, இதை யாராவது திறந்தாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'நான்தான்' என்று ஒரு சொல் போதும். என் தலையோ, வாழ்க்கையில் முதல் தடவையாக மேலும் கீழும் ஆடாமல், இல்லை என்று பக்கவாட்டில் ஆடியது.

செய்முறையில் பிழை, ஆறு மாதம் கழித்துத் திரும்பக் காட்டு என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் சுகந்தி தன் கணக்கில் எங்கே பிழை என்று தாள் தாளாகத் தேடினாள். நான் பக்கத்தில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

நாலாம் நாள் சொல்லிவிட்டேன்.

தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "எத்தனை தரம் துடைச்சீங்க?"

"மூணு தரம். நல்லா."

சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகி முடிந்தது. செல்வமணி மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் கடிதம் நான் எழுதினது. இருபத்திமூணு வருசமா உங்களுக்கு ஒரு வரி எழுதினதில்லன்னு இவதான் எழுத வச்சா."

அவள் பக்கம் திரும்பினேன். "என்ன எழுதின?"

"அதான் துடைச்சாச்சே."

"எழுதின பேப்பர்?"

"அடுப்புல போட்டேன். யாராவது பார்த்தா வெக்கமில்லையா?"

மகளைப் பார்த்தேன். "சொல்ல மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

சுகந்தி பிறகு ஒரு பூனைப் படத்தை வைத்துப் பாஸ் பண்ணிவிட்டாள். இன்றைக்கும் வீட்டில் சீப்புக் காணாமல் போனாலும், சட்டியில் மீன் குறைந்தாலும், "அப்பா துடைச்சிருப்பார்" என்பதுதான் பேச்சு. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கடையில் யாருடைய கல்யாணப் படத்தையாவது துடைக்கும்போது, அதற்குள் ஏதாவது இருக்குமோ என்று கை நின்றுவிடுகிறது.

போன கிழமை, அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று கடைசியாக ஒரு தரம் கேட்டுப் பார்த்தேன். "முதல்ல நீங்க எழுதுங்க, பார்ப்போம்" என்றாள் செல்வமணி.

இதோ, எழுதிவிட்டேன். இதில் ஒரு பிரதியை எங்கள் கல்யாணப் படத்துக்குப் பின்னால் வைத்துச் சட்டத்தை மூடப்போகிறேன். (பிரதி வேண்டும் என்பதை இப்போது படித்துக்கொண்டேன்.) சாவி தேவையில்லை. பின்பக்கம் நாலு ஆணிதான், அதையும் இறுக்கி அடிக்க மாட்டேன்.

மாசி மாதப் பௌர்ணமி, போயா லீவுக்குக் கடை பூட்டிய நாள்.