திரும்பி வருவாள் என்பதற்கு மூன்று உதாரணங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் பாப்பாவும் நலமாக இருக்கிறோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். அதை எழுதிய பிறகுதான் நலமில்லாததை எழுத வேண்டும் என்று அப்பா நம் இருவரையும் பழக்கியிருக்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, அங்கே குளிர் விட்டதா என்பதற்கெல்லாம் தவறாமல் பதில் போடவும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். மறுக்க வைத்தவன் நான்.

உனக்குத் தெரியும், அவள் நான்கு வருஷமாக நீ இருக்கும் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நம் வீட்டுப் பின்னறையிலிருந்தே வேலை பார்க்கிறாள். துணி காயப்போடும் கொடிக்கு நேர் கீழே மேஜை. மீட்டிங் தொடங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் உன் அண்ணி என் வேட்டிகளை உருவிக்கொண்டு ஓடுவாள். முப்பத்தொரு வயதுப் பெண்ணை நாம் இன்னும் பாப்பா என்கிறோம். அங்கே பதினோரு பேர் அவளைக் கேட்காமல் ஒரு வேலையும் தொடுவதில்லையாம். இப்போது புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார். ஆட்களைக் குறைக்கப் போகிறாராம். இந்த மாசக் கடைசியில் பத்து நாள் எல்லோரும் அங்கே நேரில் கூட வேண்டும், நேரில் பார்த்தவர்களில் இருந்துதான் அடுத்த வருஷத்துக்கு யார் யார் என்று முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டார். போகாவிட்டால் வேலை இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தானே மேலாளர்கள் சம்பளம் வாங்குகிறார்கள்.

அவளோடு வேலை செய்கிற தாடிக்காரப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கும் இவளுக்கும் ஒரே வேலை, அவன் செய்த தப்பை இவள்தான் திருத்துவாள். அவன் ஒரு மாசம் கடற்கரையில் இருந்து வேலை செய்வான், அடுத்த மாசம் மலையில். போன வருஷம் ஒரு நாள் காலையில் நம் ஊர் பற்றி ஏதோ படித்திருக்கிறான், மறுநாள் சாயங்காலம் நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். விமான நிலையத்தில் அவனை ஒரு கேள்வி கேட்கவில்லையாம், பாஸ்போர்ட் அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் முத்திரை குத்திவிட்டார்களாம். மூன்று வாரம் பாப்பாவின் மேஜையில் பாதியில் உட்கார்ந்து வேலை செய்தான், நல்ல பையன், அண்ணிக்குத் துணி மடித்துக் கொடுத்தான். நான் வகுப்பில் சொல்வதுபோல ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள், ஒரே கேள்வி, ஒரே விடை. ஒருவனுக்கு நூற்றுக்கு நூறு. இன்னொருத்தியைப் பரீட்சைக் கூடத்துக்குள்ளேயே விடவில்லை, ஏனென்றால் அவள் நோட்டுக்கு அட்டை வேறு நிறம். எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இப்படி நடந்தால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? இங்கே எல்லோரும் சும்மாதான் இருக்கிறோம். வரிசையில் நிற்கிறோம், நம்பர் கூப்பிட்டால் எழுந்து போகிறோம்.

இதற்கு நடுவில் பாப்பா ஒரு நாட்டின் பிரஜையும் ஆனாள். நிலமே இல்லாத நாடு. கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது, எல்லை கிடையாது, உலகத்தில் எங்கிருந்து வேலை செய்கிறவர்களும் சேரலாம் என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். படம், கையெழுத்து எல்லாம் அனுப்பினாள், நீல நிறத்தில் ஒரு கார்டு தபாலில் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே மேஜையில் போட்டுவிட்டாள். நான்தான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பத்து நாலு வருஷம் பூகோளம் நடத்தியவன் தம்பி நான். எத்தனை நாட்டு எல்லைகளைச் சாக்பீஸால் போட்டு மணி அடித்ததும் டஸ்டரால் துடைத்திருக்கிறேன். கடைசியில் எவனோ புத்தியுள்ளவன் நிஜமாகவே துடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

சரி, விசாவுக்கு வருகிறேன். போகிறவள் திரும்பி வருவாள் என்பதற்குக் குடும்பத்தில் ஒருவர் உத்தரவாதக் கடிதம் தர வேண்டும், நேர்காணலுக்கு அவரும் கூட வரலாம் என்று போட்டிருந்தது. பாப்பா ஒரு பக்கத்தில் நாலு வரி அடித்து, கையெழுத்து மட்டும் போடுங்கப்பா என்றாள். உதாரணம் இல்லாமல் நான் எப்போது ஒன்றைச் சொல்லியிருக்கிறேன்? அவளுக்குத் தெரியாமல் நாலு பக்கம் எழுதி விண்ணப்பக் கட்டோடு சேர்த்துவிட்டேன். முதல் உதாரணம், அம்மா மேல் உள்ள பாசம். அண்ணியின் கண் ஆபரேஷன் அடுத்த மாசம்தான் இருந்தது. ‘நான் போவதற்குள் முடியட்டும்’ என்று பாப்பாதான் டாக்டரிடம் பேசி முன்னால் கொண்டுவந்தாள். இரண்டாவது, என் மேல் உள்ள அக்கறை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாள், கரண்ட் பில்லைப் போனிலேயே கட்ட நாலு நாள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள், மாத்திரை டப்பாக்களில் எல்லாம் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டினாள். இப்படிப்பட்டவள் எங்களை விட்டுவிட்டு அங்கே தங்குவாளா? மூன்றாவது உதாரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘ஐயா, என் மகள் நான்கு ஆண்டுகளாகத் தினமும் மதியம் கம்ப்யூட்டர் வழியாக உங்கள் நாட்டுக்குப் போய், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ஒரு நாள்கூட அங்கே தங்கியதில்லை.’

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி வயதில் சின்னவர், மரியாதையானவர். நாலு பக்கத்தையும் படித்தார். என் பழைய மாணவர்களில் ஒருவன்கூட இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. பிறகு மைக்கில், “இதை எழுதினது நீங்களா சார்?” என்றார். பெருமையாகத் தலையாட்டினேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு வேலை அங்கே இருக்கு, நாலு வருஷமா. கூட வேலை செய்றவங்க அங்கே. அம்மா ஆபரேஷனையும் முடிச்சிட்டாங்க. அப்புறம் எதுக்கு சார் திரும்பி வரணும்?”

“நாங்க இருக்கோமே” என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. சட்டைப் பையில் இருந்த நீலக் கார்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளிவிட்டேன். அப்பா வேண்டாம்பா என்று பாப்பா என் முழங்கையைப் பிடித்தாள், அதற்குள் அது அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். “ஒருத்தரை உள்ளே விட்டா, தேவைப்பட்டா திருப்பி அனுப்ப ஒரு இடம் வேணும் சார். இந்த நாட்டுக்கு எந்த ஃப்ளைட் போகுது?” என்று கேட்டார். பூகோள வாத்தியார் கார்டைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மொத்தம் ஏழு நிமிஷம். மறுப்புக் கடிதத்தில் ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது: ‘விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்று நம்புவதற்கில்லை.’

பஸ்ஸில் வரும்போது பாப்பா என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தாள். “விடுங்கப்பா, நீங்க உண்மையைத்தானே எழுதினீங்க” என்றாள். திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்கும். மூன்று நாளாகக் கொடியில் என் வேட்டி காய்ந்தபடியே கிடக்கிறது, மீட்டிங்கின்போது அவள் கேமராவை அணைத்துவிடுகிறாளாம்.

ஆகவேதான் இந்தக் கடிதம். பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாட்டுப் பிரஜையாக உள்ள உறவினர் ஒருவர், இவள் திரும்பிப் போவதற்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் எடைபோட்டுப் பார்ப்பார்களாம். நீ எழுது. தைரியமாக எழுது. அவள் உன்னைப்போல் இல்லை தம்பி. இரண்டே வருஷம்தான் அண்ணா என்று சொல்லிவிட்டு நீ போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதை நான் குத்திக்காட்டவில்லை, ஆனால் ஆத்திரம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாப்பா என் கையில் வளர்ந்தவள். அவள் வருவாள். என் முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் மேல் வைத்துச் சொல்கிறேன், அந்த அதிகாரி என் மகளைப் பொய்க்காரி என்று நினைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்கும் உன் வீட்டில் உள்ள எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். முழங்காலைக் கவனித்துக்கொள், மாடிப்படியைக் குறைத்துக்கொள், நீண்ட நாள் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டுக் கவர் தேடி பாப்பாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. உன் ஊரில் ஒரு அறை, ஒரு வருஷத்துக்கு, அந்தப் பத்து நாள் முடிந்த மறுநாளிலிருந்து. அங்கேயே தங்கி வேலை பார்க்க அனுமதி வாங்கித் தருகிறோம் என்று கம்பெனியின் கடிதமும் கூடவே. அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல், “தெரியும், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் அவளுக்குத் தெரியல” என்றாள். மேலே நான் கொடுத்த உதாரணங்களை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். கண் ஆபரேஷன், குளியலறைக் கம்பி, கரண்ட் பில், லேபிள். எல்லாம் சரியான உதாரணங்கள், விடையைத்தான் நான் தப்பாக எழுதியிருக்கிறேன். அந்த அதிகாரிப் பையன் ஏழு நிமிஷத்தில் சரியாகத் திருத்திவிட்டான். ஆனாலும் நான் கேட்டதில் மாற்றமில்லை. உத்தரவாதத்தை உடனே அனுப்பு. திரும்பி வருவாள் என்று நீயே உன் கையால் எழுது, உனக்குப் பழகிய வாக்கியம்தானே. அந்த அறையின் விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ஒரு எட்டு போய் ஜன்னல் இருக்கிறதா, வெளிச்சம் வருமா என்று பார்த்துவிட்டு வா. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு இருட்டு ஆகாது.