பாதி வாடகைக்குக் கிடைத்த வீடு

பேரம் பேசி நான் ஜெயித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்த வெற்றியிலிருந்து இன்னும் நான் தேறவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதத்து மழையில், குமாஸ்தா வேலைக்குக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தேன். கல்யாணமாகி நாலே மாதம். மாமனார் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். "கௌரவமா ஒரு வீடு பாத்துட்டு எழுதுங்க மாப்ளே, அப்பறமா சரோஜாவ அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, வீடு கிடைத்தால்தான் பெண்டாட்டி. (அந்த மழையில் நான் அலைந்ததற்கு வேறு லட்சியம் எதுவும் இல்லை.)

பஜாருக்கு ஒரு மைல் தள்ளி, மலைச் சரிவில் ஒரு வரிசை வீடுகள் பூட்டிக் கிடந்தன. அதில் ஒன்று பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தருடையது. கண்ணாடி ஜன்னல், குளிர்காயக் கணப்பு, வாசலில் பேரிக்காய் மரம். அவர் சொன்ன வாடகையில் பாதிக்குக் கேட்டேன். உடனே சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது கர்வம்.

"சீசன் வெவரம் தெரியும்ல சார்? பங்குனி முடியவும்..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும் பாய்" என்றேன். பி.ஏ. படித்தவனுக்கு ஒரு மளிகைக் கடைக்காரர் விவரம் சொல்வதா?

மாமனாருக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். ஜன்னலுக்கு ஒரு பக்கம், கணப்புக்கு ஒரு பக்கம், மீதி ஆறும் என் சாமர்த்தியத்துக்கு. சரோஜா வந்தாள். ஆறு மாதம் ஜமீன்தார் மாதிரி இருந்தோம்.

பங்குனிக் கடைசியில் ராவுத்தர் வந்து நின்றார். "சீசனுக்கு ஆள் வருது சார். ரெண்டு மாசம் பின்னாடி வெறகு ரூம்புக்கு மாறிக்கிடுங்க. இங்கன குடியிருக்கவுக எல்லாருக்கும் அதான் வழக்கம். அதுக்குத்தான பாதி வாடக."

எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"முன்னாடியே ஒங்ககிட்ட சொல்லலியா அவரு?" என்றாள் சரோஜா.

"சொல்ல வந்தார்" என்றேன்.

அப்பாவுக்கு எழுதலாம் என்றாள். நான் விடவில்லை. விறகு அறையில் மகள் குடியிருப்பது தெரிந்தால் மனிதர் கையோடு கூட்டிப்போய்விடுவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

சித்திரையில் ஒரு காலை. குரங்குக் குல்லாயும் கிழிந்த கம்பளியுமாக விறகு பிளந்துகொண்டிருந்தேன். வாசலில் டாக்சி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஓர் அண்டா, மாமியார், கடைசியாக மாமனார் இறங்கினார்கள். (அவர் கடைக்கு மலைவாழைப்பழம் அனுப்புகிறவர் இதே ராவுத்தர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

"ஏலே, அந்தப் பெட்டிய வெரசா உள்ள வையி" என்றார் என்னைப் பார்த்து.

மானமுள்ளவன் குல்லாயைக் கழற்றியிருப்பான். நான் பெட்டியைத் தூக்கினேன். பிறகு அண்டாவையும் தூக்கினேன்.

உள்ளே மாமியாரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தியா, மாப்ளே எழுதுனாருல்ல, அதே மாதிரி கணப்பு, கண்ணாடி ஜன்னலு. ஆனா அவுக வீடு இதவிடப் பெருசா இருக்கும். நம்ம போயி அவுகளுக்குத் தொந்தரவு குடுக்க வேணாம்னுதான் தனியா எடுத்தேன். சாயங்காலம் ஆபீசுல வெலாசம் கேட்டுக்கிட்டு, சொல்லாமப் போயி நிப்போம்."

சொல்லிவிட்டு என் கையில் நாலணா வைத்தார். கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, "வெறகு பொளக்கச் சொன்னா எங்க போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே சரோஜா வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த நாலணாவைப் பார்த்தாள்.

மாமனார் என் குல்லாயைத் தன் கையாலேயே கழற்றினார். பின்பக்கம் போய் விறகு அறையைப் பார்த்துவிட்டு வந்தார். "சரோஜா, எங்களோட பழனிக்குப் பொறப்பட்டு வந்திரு" என்றார்.

"இந்தக் குளுருல இவுகளுக்கு யாருப்பா வெந்நி போடுவா? நான் பின்பக்கமே இருந்துக்கிடுறேன்" என்றாள் அவள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எட்டுப் பக்கத்தில் எழுத முடியாது.

போன வருஷம் எங்கள் மகளுக்கு ஒரு வரன் வந்தது. மதுரையில் சொந்த வீடு, மாடி, கிணறு என்று பிள்ளை வீட்டார் அடுக்கிக்கொண்டே போனார்கள். சரோஜா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல், "பன்னெண்டு மாசமும் முன்பக்கந்தானுங்களே?" என்றாள்.

அவர்கள் விழித்தார்கள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.