பெருவிரலில் குடியேறிய ஜின்

காத்தான்குடியில் அன்று மீன் விற்க வந்தவனே கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். பின்னே? நெசவுக்காரர் முகைதீன்பாவாவின் கால் பெருவிரலில் ஒரு ஜின் குடியேறியிருந்தது! அதை ஓதி இறக்க நாட்டு வைத்தியர் மீராலெப்பைப் பரிசாரி வந்திருந்தார். ஏறாவூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தது சனம். இத்தனை பெரிய உலகத்தில் ஜின்னுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பாதத்தில் புரையோடிய முள்ளை ஆசுபத்திரியில் கீறி எடுத்தார்கள். புண் ஆறியது, பெருவிரல் மரத்துப்போனது. "நரம்பு வெட்டுப்பட்டிரிக்கு. உணர்ச்சி வரச் சுணங்கும். நீங்க தறி மிதிக்கலாம்" என்றார் டாக்டர். புகை இல்லை, சேவல் இல்லை. அதை யார் நம்புவார்?

பரிசாரி கண்டுபிடித்தார்: ஜின் தறியிலிருந்துதான் காலுக்கு ஏறியதாம். இறக்கிய கையோடு தறியை அவரே கொண்டுபோய் வாவியில் விடுவாராம். என்ன பெரிய மனது! வண்டியையும் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டுக்குச் சோறு போட்டதே அந்தத் தறிதான். மனைவி கைறுன்னிஸா பரிசாரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஜின்னுக்கு வெளிச்சம் ஆகாதென்று பாதத்தைத் துணியால் மூடினார் பரிசாரி. துணிக்குள் கைவிட்டு ஊசியால் குத்தினார்.

"நோகுதா?"

"இல்ல."

சனம் நடுங்கியது. புகை போட்டு ஓதினார். மறுபடி குத்தினார்.

"உம்மோ!" என்று துள்ளினார் முகைதீன்பாவா.

"இறங்கிட்டு! தறிய ஏத்துங்க!"

"கொஞ்சம் பொறுங்க பரிசாரியார்" என்றாள் கைறுன்னிஸா. தறியில் நெய்த புதுச் சாரம் ஒன்றில் கத்தரியால் ஓட்டை போட்டாள். பழைய துணிக்கு மேலேயே அதைப் போர்த்தி, பழைய துணியின் ஓரத்தை ஒதுக்கி, ஓட்டை வழியே பெருவிரலை மட்டும் வெளியே இழுத்தாள். கணவரின் கண்ணைக் கட்டினாள். "ஜின்தான் போயிட்டே, இனி வெளிச்சத்துக்கு என்ன பயம்? இந்த விரல்ல குத்துங்க."

பரிசாரிக்கு இருமல் வந்தது. ஊசியை அவளே வாங்கிக் குத்தினாள்.

முகைதீன்பாவா பொறுமையிழந்தார். "எப்பகா குத்தப்போறாய்?"

ஊசி ஏற்கனவே பெருவிரலில் குத்தி நின்றது. துணிகளை உருவினாள். பக்கத்து விரலில் ஒரு சொட்டு இரத்தம்.

பரிசாரியின் வண்டி வெறுமையாகத் திரும்பியது. "அப்ப ஜின் அந்த வண்டியிலயா போகுது?" என்று கேட்டார் ஒருவர், மிகுந்த கவலையோடு.

கால்விரல் மரத்தால் தறி மிதிக்கலாம், ஐயாமாரே. தலை மரத்தால் தறியை நாமே தூக்கி வண்டியில் ஏற்றிக் கொடுப்போம். எதற்கும் உங்கள் தலையை ஒருமுறை குத்திப் பாருங்கள்.